கூடவே போகிற வேலை: குழந்தைகள், குடும்ப நலப் பணிக்கு வருவோருக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் உதவி எண்களுக்குப் பஞ்சமில்லை. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, மனநலத்துக்கு 14416, பள்ளிக் கல்விக்கு 14417, இலவசச் சட்ட உதவிக்கு 15100. ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஓர் அலுவலகமும் ஒரு திட்டமும் ஒரு படிவமும் இருக்கின்றன. ஆனால், கணவரை இழந்து திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிற பெண்ணுக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு. மூன்று அலுவலகங்களுக்கு மூன்று நாள் அலைய அவரால் முடியாது. பள்ளியை விட்டுவிட்டு வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கிற பையன் எந்த எண்ணையும் அழுத்தப்போவதில்லை.

உதவி இருக்கிற இடத்துக்கும் அது தேவைப்படுகிற வீட்டுக்கும் நடுவே கூடவே போக ஓர் ஆள் வேண்டும். அந்த வேலைக்கு வர நினைப்பவர்களுக்கும், வந்து முதல் ஆண்டில் திணறிக்கொண்டிருப்பவர்களுக்கும் இந்தக் கட்டுரை. இந்தத் துறையில் ‘சொல்லியாச்சு’ என்பதோடு எதுவும் முடிவதில்லை. போய்ச் சேர்ந்தார்களா, கிடைத்ததா, கிடைத்தது நிலைத்ததா என்று மூன்றையும் பார்ப்பவரே நல்ல பணியாளர். கீழே வருவதெல்லாம் அந்த மூன்று கேள்விகளுக்கான தயாரிப்புதான்.

வேலை எங்கே இருக்கிறது?

முதல் இடம், மாவட்டந்தோறும் இருக்கிற மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் கீழ் இது இயங்குகிறது. பாதுகாப்பு அலுவலர், சட்டம் சார்ந்த நன்னடத்தை அலுவலர், ஆற்றுப்படுத்துநர், சமூகப் பணியாளர், புறத்தொடர்புப் பணியாளர் ஆகிய பணியிடங்கள் இங்கே உண்டு. அண்மை ஆண்டுகளில் மாவட்டங்கள் வெளியிட்ட விளம்பரங்களில் தொகுப்பூதியம் பாதுகாப்பு அலுவலருக்கு 27,804 ரூபாய், சமூகப் பணியாளருக்கு 18,536 ரூபாய், புறத்தொடர்புப் பணியாளருக்கு 10,592 ரூபாய் என்று இருந்தது.

இரண்டாவது, 1098. 1996இல் மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் களப்பணியாகத் தொடங்கிய இந்தச் சேவையை நெடுங்காலம் தொண்டு நிறுவனங்களே நடத்திவந்தன. 2023இல் அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. இப்போது மாவட்ட அளவில் திட்ட ஒருங்கிணைப்பாளர், ஆற்றுப்படுத்துநர், மேற்பார்வையாளர், வழக்குப் பணியாளர் என்று ஆள் எடுக்கிறார்கள். சுழற்சி முறைப் பணி. இரவு அழைப்பும் வரும்.

மூன்றாவது, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையம். மருத்துவம், காவல், சட்ட உதவி, ஆலோசனை, சில நாள் தங்கும் இடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். இங்கும் வழக்குப் பணியாளர்கள் தேவைப்படுகிறார்கள்.

இவை தவிர, மாவட்ட மனநலத் திட்டம், போதை மறுவாழ்வு மையங்கள், பள்ளி, கல்லூரி ஆலோசகர் பணி ஆகியவை உண்டு. தொண்டு நிறுவனங்களில் சென்னையின் ஸ்கார்ஃப் (1984), தற்கொலைத் தடுப்புக்கான சிநேகா (1986), வீடற்ற மனநோயாளிப் பெண்களுக்காகத் தொடங்கிய தி பேன்யன் (1993) ஆகியவை பல ஆண்டு அனுபவம் சேர்த்துவைத்திருக்கும் இடங்கள். தனியார் துறையிலும் ஒரு கதவு இருக்கிறது. 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள ஆலைகளில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் கட்டாயமாக்கியது. குடும்பம் திணறுவதை முதலில் கவனிக்கக் கூடியவர் பல சமயம் அந்த நல அலுவலர்தான்.

என்ன படிப்பு?

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) படித்தவருக்குப் பெரும்பாலான கதவுகள் திறக்கும். சென்னை எழும்பூரில் 1952 முதல் இயங்கும் மெட்ராஸ் சமூகப் பணிக் கல்லூரி, லயோலா, கோவை பி.எஸ்.ஜி., மதுரை சமூக அறிவியல் கல்லூரி, திருச்சி பிஷப் ஹீபர் ஆகியவை இப்படிப்புக்குப் பெயர் பெற்றவை. சிறப்புப் பாடம் எடுக்கும்போது கம்பெனி வேலை கிடைக்கும் என்று பலரும் மனிதவள மேலாண்மைப் பக்கம் போவார்கள். இந்தத் துறைதான் என்று முடிவு செய்திருந்தால், மருத்துவ, மனநலச் சமூகப் பணியையோ சமூக மேம்பாட்டையோ எடுங்கள்.

உளவியல், சமூகவியல் பட்டதாரிகளும் ஆற்றுப்படுத்துநர், சமூகப் பணியாளர் பணிகளுக்கு விண்ணப்பிக்கலாம். புறத்தொடர்புப் பணிக்குப் பன்னிரண்டாம் வகுப்பே போதும். அந்தந்த ஊர்க்காரருக்கு இங்கே பெரிய பலம் உண்டு. எந்தத் தெருவில் சனிக்கிழமை சம்பளம், எந்தச் சந்தில் குடித்தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று தெரிந்தவருக்குத்தான் வீட்டில் ஆள் இருக்கிற நேரம் தெரியும்.

அறிவிப்புகள் பெரும்பாலும் மாவட்ட இணையதளத்தின் ஆட்சேர்ப்புப் பக்கத்தில் வரும். விண்ணப்பிக்கக் கொடுக்கும் நாட்கள் குறைவு. வாரம் ஒருமுறை பக்கத்து மாவட்டங்களின் பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

சேரும் முன் நான்கு கேள்விகள்

இவை பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தப் பணிகள். ஆகவே, வெட்கப்படாமல் கேளுங்கள். பயணச் செலவு தனியாகத் தருவார்களா, சம்பளத்திலேயே அடக்கமா? இரவில் களத்துக்குப் போக நேர்ந்தால் வண்டி உண்டா, கூட யார் வருவார்கள்? ஒருவர் பொறுப்பில் எத்தனை குடும்பங்கள்? சிக்கலான நேரத்தில் கலந்து பேச மூத்த பணியாளர் யார்? நான்காவது கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்காத இடத்தில், சம்பளம் கூட இருந்தாலும் யோசித்துச் சேருங்கள். தனியாக விடப்பட்ட பணியாளரால் தனியாக விடப்பட்ட குடும்பத்துக்கு அதிக நாள் துணை நிற்க முடியாது.

முதல் மாதம்: ஆட்களைச் சம்பாதியுங்கள்

திட்டப் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, ஒரு நோட்டில் ஆட்களின் பட்டியலை எழுதத் தொடங்குங்கள். கிராம நிர்வாக அலுவலர், அங்கன்வாடி டீச்சர், கிராமச் சுகாதாரச் செவிலியர், பள்ளித் தலைமையாசிரியர், மகளிர் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்புத் தலைவி, அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் பொறுமையாகப் பேசும் காவலர், இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருக்கும் தம்பி. ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து அறிமுகமாகுங்கள். எந்த நாளில், எந்த நேரத்தில் அவர்களைப் பிடிக்கலாம் என்று பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

திட்டங்களையே பாருங்கள்: அரசுப் பள்ளி மாணவிகளுக்கான புதுமைப்பெண் 2022இல் வந்தது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024இல் வந்தது. பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் அன்புக் கரங்கள் 2025இல் தொடங்கியது. திட்டங்கள் வரும், பெயர் மாறும், தொகையும் வரம்பும் மாறும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் விதிகளைக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். போன வருட விதியை நம்பி ஒரு தாயை லீவு போட வைப்பது அவருடைய ஒரு நாள் கூலியைப் பறிப்பதாகும்.

ஒரு வீட்டுக்குப் போவோம்

திருப்பூரில் ஒரு லைன் வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பா நோயில் இறந்து ஒரு வருடம். அம்மா ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறார். மகள் எட்டாம் வகுப்பு. மகனுக்கு 17 வயது. பிளஸ் ஒன் பாதியில் நின்றவன். பகலெல்லாம் தூங்குகிறான், இரவெல்லாம் போன். மகள் அடிக்கடி வகுப்புக்கு வருவதில்லை என்று பள்ளியிலிருந்து தகவல்.

வேலை நாளில் காலை 11 மணிக்குப் போனால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் போங்கள். வாசலில் நின்று உரக்க ‘குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து வருகிறோம்’ என்றால் வரிசை வீடு முழுக்கக் காது கொடுக்கும். பெயரைச் சொல்லி, உள்ளே வரலாமா என்று கேட்டு, உட்கார்ந்த பிறகு விவரம் சொல்லுங்கள்.

பாப்பா ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று தொடங்காதீர்கள். “நாள் எப்படிங்க்கா போகுது?” என்று கேளுங்கள். “எங்கீங்க மேடம், விடிஞ்சா கம்பெனி, பொழுது போனா அடுப்பு” என்று அவர் பேசத் தொடங்குவார். பேச்சினூடே வாடகை, கடன், பாப்பா சமைக்க வேண்டியிருப்பதால் காலையில் பள்ளிக்கு நேரமாகிவிடுவது எல்லாம் தானாக வரும். குறிப்பேட்டைக் கடைசியில் எடுங்கள்.

அடுத்து, காகிதங்களைக் கேளுங்கள். ஏதோ ஒரு துணிக்கடைக் கவரில் எல்லாம் சேர்ந்து கிடக்கும்: குடும்ப அட்டை, ஆதார் நகல், மருத்துவமனைச் சீட்டு, பாஸ்புக், எங்கோ ஒரு மடிப்பில் இறப்புச் சான்று. தரையில் ஒவ்வொன்றாக விரித்து வைத்து, இருப்பது எது, இல்லாதது எது, பெயரில் எழுத்துப் பிழை உள்ளது எது என்று அவர் முன்னாலேயே பிரியுங்கள். தாயின் பெயர் ஆதாரில் ஒரு மாதிரியும் பாஸ்புக்கில் ஒரு மாதிரியும் இருந்தால், எல்லா விண்ணப்பமும் அங்கேயே முட்டி நிற்கும். அதை முதலில் சரிசெய்யுங்கள்.

மகளுக்கு மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவுத் திட்டம் பொருந்தக்கூடும். கணவரை இழந்த தாயின் பிள்ளைகளுக்கு மாதம் 4,000 ரூபாய். ஆனால் குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்குள்ளும், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள்ளும் இருக்க வேண்டும். நகரத்தில் மாதம் 8,000 ரூபாய் என்பது ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் தாய் எளிதில் தாண்டிவிடும் தொகை. ஆகவே ஆசை காட்டும் முன் கணக்குப் போடுங்கள். வரம்புக்குள் வந்தால், இறப்புச் சான்று, வருமானச் சான்று, பள்ளியின் படிப்புச் சான்று, வங்கிக் கணக்கு விவரத்துடன் விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்து, வீட்டு நிலவரத்தைச் சமூக விசாரணை அறிக்கையில் விவரமாகப் பதியுங்கள். ஒப்புதல் குழு பார்ப்பது அந்த அறிக்கையைத்தான். வராது என்று தெரிந்தால் அன்றே சொல்லிவிட்டு, வேறு வழி தேடுங்கள்.

அந்த வேறு வழி பெரும்பாலும் இறந்தவரின் பழைய வேலையில் இருக்கும். “வீட்டுக்காரரு எந்தக் கம்பெனியில இருந்தாருங்க்கா? பி.எஃப். பிடிச்சாங்களா?” என்று கேட்க மறக்காதீர்கள். பணியில் இருக்கும்போது இறந்த பி.எஃப். உறுப்பினரின் மனைவிக்கு ஓய்வூதியம் உண்டு. ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே அதற்குத் தகுதி. குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய். 25 வயதுக்கு உட்பட்ட இரண்டு பிள்ளைகளுக்கும் தனித்தனியே ஒரு பங்கு சேரும். கூடவே இ.டி.எல்.ஐ. காப்பீடு, அதன் உச்சவரம்பு 7 லட்சம் ரூபாய். இது சலுகை அல்ல, அவர் உழைத்துச் சேர்த்த உரிமை. ஒரு பழைய சம்பளச் சீட்டோ பி.எஃப். எண்ணோ கிடைத்தால் போதும், பி.எஃப். அலுவலகத்துக்கு நீங்களும் கூடவே போங்கள்.

அறைக்குள் இருக்கிற பையன்

இப்போது மகன். பல பணியாளர்கள் அவனை ‘போன் அடிமை’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அப்பா இறந்த பிறகு தூக்கமும் சாப்பாடும் பேச்சும் குலைந்துபோன ஒருவனுக்கு அந்தப் போன் மட்டுமே மிச்சமாக இருக்கலாம். அதைப் பிடுங்கச் சொல்லாதீர்கள்.

முதல் தடவை அவன் வெளியே வரமாட்டான். அவனுக்குக் கேட்கும்படி அம்மாவிடம் பேசுங்கள். ஆனால் அவனைப் பற்றிக் குறை கேட்டு வாங்காதீர்கள். கிளம்பும்போது கதவருகே நின்று, “தம்பி, அடுத்த ஞாயிறு இதே நேரத்துக்கு வர்றேன், முடிஞ்சா பார்க்கலாம்” என்று சொல்லுங்கள். சொன்னபடி அதே நேரத்துக்குப் போங்கள். இந்த ஒழுங்கு மெல்ல அவனை இளக்கும். ஒரு வாரம் தவறினாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பேச வந்த பிறகு படிப்பைப் பற்றிக் கேட்காதீர்கள். தூக்கம் எப்படி, சாப்பிடப் பிடிக்கிறதா, யாரோடு விளையாடுகிறாய், யாருக்காவது பணம் தர வேண்டியிருக்கிறதா என்று கேளுங்கள். ஆன்லைன் சூதாட்டக் கடன், பள்ளியில் நடந்த அவமானம், சாதிச் சொல் என்று எதுவும் அடியில் இருக்கலாம்.

சாவு பற்றிய எண்ணம் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் நேராகவே கேளுங்கள்: “உயிரோட இருக்கவே வேண்டாம்னு தோணுதா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, பேச வழி கிடைக்கும். ஆம் என்றால் அவனைத் தனியே விடக் கூடாது. மாத்திரை, பூச்சிமருந்து போன்றவற்றை வீட்டிலிருந்து அகற்றச் சொல்லி, அன்றே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416க்கு உங்கள் போனிலிருந்தே, அவன் பக்கத்தில் இருக்கும்போதே அழையுங்கள். முதல் அழைப்பை நீங்கள் செய்தால், இரண்டாவதை அவனே செய்ய வாய்ப்பு உண்டு.

உடனடி ஆபத்து இல்லையென்றால் சின்னச் சின்ன வெளிப் பயணங்களைத் திட்டமிடுங்கள். முதலில் முக்கு டீக்கடை. அப்புறம் ஆதாரில் செல்போன் எண்ணைச் சேர்க்க ஒரு நடை. பின்னர் அரசு ஐ.டி.ஐ.யைச் சும்மா பார்த்துவிட்டு வர ஒரு நாள். அங்கே கட்டணமில்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், பஸ் பாஸ் உண்டு. ஆண்களுக்கு 14 முதல் 40 வயது வரை, பெண்களுக்கு உச்ச வயது இல்லை. இந்த வருடச் சேர்க்கை முடிந்திருந்தாலும் அவனுக்குக் காலம் கடந்துவிடவில்லை என்பதை அந்த எண்களே சொல்லும்.

பதினெட்டு என்கிற பள்ளம்

இந்தத் துறையில் மிக அதிகமான பேர் தவறிப்போவது 18ஆவது பிறந்தநாளில். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி 18 வயது வரை அந்தப் பையன் குழந்தை. 1098, குழந்தைகள் நலக் குழு, நிதி ஆதரவு எல்லாம் அவனுக்கு உண்டு. மறுநாள் காலையில் அந்தக் கதவுகள் மூடிக்கொள்கின்றன. குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவருக்கு 21 வயது வரை, தேவைப்பட்டால் 23 வரை பின்தொடர் பராமரிப்பு உண்டு. வீட்டிலேயே முடங்கிக் கிடந்தவனுக்கு அதுவும் இல்லை.

ஆகவே, கோப்பின் முதல் பக்கத்தில் பிறந்த தேதியைப் பெரிதாக எழுதுங்கள். 18க்கு ஆறு மாதம் முன்பே அடுத்த கையை ஏற்பாடு செய்யுங்கள்: ஐ.டி.ஐ., வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு, 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திறன் பயிற்சி, மனநலச் சிகிச்சையில் இருந்தால் பெரியவர்களுக்கான பிரிவு. அந்த அலுவலகத்தில் ஒருவரை அவனுக்கு முகம் பார்த்து அறிமுகம் செய்துவைத்த பிறகே உங்கள் கோப்பை மூடுங்கள்.

கொடுக்கக் கூடாத வாக்குறுதி

“யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று எந்தக் குழந்தைக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் குற்றம் பற்றித் தெரிந்தால் போக்சோ சட்டம் (2012) அதைக் காவல்துறையிடம் தெரிவிக்கக் கட்டாயப்படுத்துகிறது. மறைத்தால் தண்டனை உண்டு. பராமரிப்பு தேவைப்படும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். குழந்தைத் திருமண ஏற்பாடு தெரிந்தால் மாவட்டச் சமூக நல அலுவலருக்கும் 1098க்கும் சொல்ல வேண்டும். குழந்தையிடம் இப்படிச் சொல்லுங்கள்: “உனக்கு ஆபத்துன்னா சரியான ஆளுகிட்டச் சொல்லுவேன். ஆனா சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்டச் சொல்லிட்டுத்தான் செய்வேன்.”

குழந்தையின் பெயர், படம், பள்ளி ஆகியவை வெளியே போகக் கூடாது. அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ‘இன்றைய களப்பணி’ என்று குழந்தையின் முகத்தோடு படம் போடும் வழக்கத்தில் நீங்கள் சேராதீர்கள். அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டம் தடை செய்கிறது. அதைவிட முக்கியம், அந்தக் குடும்பம் மறுபடி உங்களுக்குக் கதவைத் திறக்க வேண்டும்.

உங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்

இந்த வேலையில் மனம் கனத்துப்போவது பலவீனம் இல்லை. கடினமான வீட்டுக்குப் போய்வந்த அன்றே ஒரு சக பணியாளரிடம் பேசிவிடுங்கள். வாரத்தில் ஒரு நாள் போனை அணைத்துவையுங்கள். அந்த நாளில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று குடும்பங்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். சொந்தப் பணத்தைக் கடனாகக் கொடுக்காதீர்கள். கொடுத்த பிறகு அவர்கள் உங்கள் முகத்தைப் பார்க்கக் கூசுவார்கள்.

மேலே வளர வேண்டும் என்றால் பதிவுகளை ஒழுங்காக வையுங்கள். போன தேதி, பேசியது, ஒத்துக்கொண்டது, அடுத்து செய்ய வேண்டியது, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள். இரண்டு ஆண்டு இப்படிப் பதிவு வைத்தவருக்குப் பாதுகாப்பு அலுவலர் பணிக்கான நேர்காணலில் பேச நிறைய இருக்கும். மனநலப் பக்கம் ஆழமாகப் போக விரும்புபவருக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களின் மனநலச் சமூகப் பணி மேற்படிப்பு இருக்கிறது.

எப்போது கோப்பை மூடலாம்?

விண்ணப்பம் கொடுத்தபோது அல்ல. உதவித்தொகை இரண்டு தவணை கணக்கில் ஏறிவிட்டதா? மகள் ஒரு பருவம் முழுக்கப் பள்ளிக்குப் போனாளா? பையன் நீங்கள் இல்லாமல் ஒருமுறையாவது தானே பஸ் ஏறிப் போனானா? அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது என்று அந்தத் தாய்க்கு, உங்களைத் தவிர, இன்னும் இரண்டு பேர் பெயர் தெரியுமா? நான்குக்கும் ஆம் என்றால் மூடலாம். ஏதாவது ஒன்றுக்கு இல்லை என்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கான பயணத்தை இன்றே நோட்டில் எழுதுங்கள்.